சந்தனம் வைத்த கத்தரி

நெல்லையப்பன் வந்த வேகத்தைப் பார்த்தால், யாரையோ அடித்துவிட்டு வருகிறாரா, அடிக்கப் போகிறாரா என்று சொல்ல முடியாது. கையில் ஓர் எலுமிச்சை இலை மட்டும் இருந்தது.

மடத்து முற்றத்தில் பூரணத்தம்மாள் காலைப் பூஜைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் தலைவி. வயது நாற்பத்திரண்டு. நெல்லையப்பனுக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீசில் முப்பத்துநான்கு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்று, ஞானம் வேண்டும் என்று இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர். மகள் வயதுள்ளவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு. அவர் அம்மா என்பார். பூரணத்தம்மாள் ஐயா என்பார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க ஐயா.”

“தீங்கு செஞ்சவனை மன்னிக்கணும்னு சொல்றீங்க. சரி. தீங்கைக் கையிலேயே தூக்கிக்கிட்டு ஊர் ஊரா சுத்துறானே ஒருத்தன், அவனை என்ன செய்யணும்?”

“யாரு?”

அவர் இலையை நீட்டினார். இலையெங்கும் பழுப்புப் புள்ளிகள். தொட்டால் சொரசொரத்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மஞ்சள் வளையம்.

“சொறி நோய். நம்ம மரத்துல. மாடக்கண்ணு கொண்டுவந்தது.”

மடத்துத் தோட்டத்தில் நூற்றிருபது எலுமிச்சை மரங்கள். பத்து வரிசை. உள்ளே இருக்கும் நான்கு வரிசைக் காய்கள் அம்மனுக்கு மாலையாகப் போகும். வெளி ஆறு வரிசைக் காய்கள் ஊறுகாய்க்கும் சந்தைக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் காய்ந்த குச்சியையும் வீணாக முளைத்த போத்தையும் வெட்டிக் கழிக்க வேண்டும். கவாத்து என்பார்கள். வெளி வரிசைகளைக் கவாத்து செய்பவர் மாடக்கண்ணு. கீழத்தெருக்காரர். அந்த வட்டாரத்துத் தோப்புகளில் பாதி அவர் கை பட்டவை. உள்வரிசைக்கு வெளியாள் வரக்கூடாது. அதை மடத்துக்காரர்களே, மடத்துக் கத்தரியால் செய்ய வேண்டும். போன வருஷம் முதல் அந்தப் பொறுப்பு நெல்லையப்பனுடையது.

மடத்துக் கத்தரி இருப்பது பூஜை அறையில். ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றுவார்கள். வைத்த பொட்டை அடுத்த ஆயுத பூஜை வரை கழுவக் கூடாது என்பது மடத்து வழக்கம். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வெளியாள் கத்தரிக்கு வேறு நியாயம். வாசலில் ஒரு மண்சட்டியில் மஞ்சள் தண்ணீர் இருக்கும். மாடக்கண்ணு உள்ளே வருமுன் தன் கத்தரியை அதில் மூன்று தரம் முக்கி எடுக்க வேண்டும். இது நெல்லையப்பன் வந்தபிறகு செய்த ஏற்பாடு. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று காரணம் சொன்னார். கிருமியைப் பற்றி அத்தனை கவலை என்றால் மடத்துக் கத்தரியையும் ஒரு தரம் முக்கியிருக்கலாமே. அது அவருக்குத் தோன்றவில்லை. கீழத்தெருவிலிருந்து வருவது மட்டும்தான் அவருக்குக் கிருமி.

“அவர்தான் கொண்டுவந்தார்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் பூரணத்தம்மாள்.

“இதுல தெரிய என்னம்மா இருக்கு? ஒரு நாளைக்கு நாலு தோட்டம் ஏறி இறங்குறவன். எங்கே எதை வெட்டினானோ, அதே கத்தரியோட இங்கே வர்றான். நேத்து மிச்சப் போத்து கழிக்க வந்தான். வாசல்லயே கத்தரியைப் பிடுங்கிட்டேன். ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டியாச்சு. மாலை வாங்க வந்த பத்துப் பேர் முன்னாடி, இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“அதோட விட்டீங்களா?”

“விடுவேனா? சுத்துவட்டாரத் தோட்டக்காரங்க ஏழு பேருக்குப் போன் போட்டேன். இவன் கத்தரி பட்ட மரம் சொறி பிடிக்கும், உள்ளே சேர்க்காதீங்கன்னு சொன்னேன்.”

“ஏழு பேருக்குமா?”

“ஏழு பேருக்கும்.”

நல்ல காரியம் செய்து முடித்தவரின் முகம் அவருக்கு. பூரணத்தம்மாள் கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார்.

“எத்தனை மரத்துல சொறி இருக்கு ஐயா?”

“நிறைய.”

“நிறையன்னா?”

அவருக்குத் தெரியவில்லை. ஒரு மனிதரின் பிழைப்பில் கை வைக்க ஏழு போன் போட நேரம் இருந்தது. மரத்தை எண்ண நேரம் இல்லை.

பூரணத்தம்மாள் எழுந்து போய் ஒரு பழைய வேட்டியை எடுத்து வந்து கொடுத்தார். “இதைக் கிழிச்சுக்கோங்க. சொறி பிடிச்ச மரத்துல எல்லாம் ஒரு துண்டு கட்டிட்டு வாங்க. பத்து வரிசையும் பார்க்கணும்.”

“அம்மா, நான் கேட்ட கேள்வி...”

“கட்டிட்டு வாங்க.”

நெல்லையப்பன் திரும்பி வரும்போது உச்சி வெயில். முழங்கையெல்லாம் முள் கீறல். கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. கூடியிருந்தது.

“நாப்பத்தியொரு மரம்மா. நாப்பத்தியொண்ணு!”

“எந்த வரிசையில?”

“எல்லாமே உள்வரிசை.”

“வெளி வரிசையில?”

“ஒண்ணுகூட இல்லை. அதைப் பார்த்துத்தானே எனக்கு ரத்தம் கொதிக்குது! அத்தனை மரத்தையும் விட்டுட்டு, அம்மனுக்குப் போற மரமா பார்த்துப் பண்ணியிருக்கான் பாருங்க!”

முடிவை முதலில் எழுதிவிட்டு, ஆதாரத்தைப் பிறகு கீழே சேர்த்துக்கொள்வது ஆபீஸ் பழக்கம். வேலையை விட்டாலும் அது அவ்வளவு சீக்கிரம் விடாது போலிருக்கிறது.

“உள்வரிசையில மாடக்கண்ணு கவாத்து பண்ணினாரா?”

“அவனையா? உள்ளே கால் வைக்க விடுவேனா? முழுக்க நான் செஞ்சது. சாமி கத்தரியால.”

“அப்போ அவர் கத்தரி அந்த மரத்தைத் தொடவே இல்லை.”

“காத்துல வந்திருக்கும்மா.”

“காத்து வெளி ஆறு வரிசையைத் தாண்டித்தானே உள்ளே வரணும்?”

நெல்லையப்பன் மீதி வேட்டித் துணியைக் கீழே போட்டார். பிறகு, “நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்குறீங்க” என்றார்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது.

“எங் கத்தரியக் குடுங்க!”

மாடக்கண்ணு நின்றிருந்தார். ஐம்பது தாண்டிய ஆள். மற்ற நாட்களில் தோளில் கிடக்கும் துண்டு வாசலுக்கு வந்ததும் கக்கத்துக்குப் போய்விடும். இன்று தோளிலேயே கிடந்தது. கும்பிடவும் இல்லை. நெல்லையப்பன் அதைத்தான் முதலில் கவனித்தார்.

“என்னடா, உனக்கு எவ்வளவு கொழுப்பு...”

“ஐயா,” என்றார் பூரணத்தம்மாள். அவர் குரல் உயரவில்லை. ஆனால் நெல்லையப்பன் நிறுத்திக்கொண்டார். “அவர் பேசட்டும். உள்ளே வாங்க மாடக்கண்ணு.”

“உள்ள வரலம்மா. ஒங்க வேலைக்கும் வரல. எங் கத்தரி வேணும், அவ்வளவுதான். காலையில ராவுத்தர் தோப்புக்குப் போனேன். கேட்டப் பூட்டி வச்சுக்கிட்டுப் பேசுதாவ. ‘நீ சொறி கொண்டாரியாம்லா, மடத்துல இருந்து போன் வந்துச்சு’ன்னு சொல்லுதாவ. இருவத்தெட்டு வருசமா அந்தத் தோப்புல கவாத்து பண்ணுதேன். அந்த மரத்துல ஒவ்வொரு கொப்பும் எனக்குத் தெரியும். என்னையக் கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுப் பேசுதாவ. அங்கேருந்து அடுத்த தோப்புக்குப் போனா அங்கயும் அதே பேச்சு. நான் எங்க போயி வேல செய்ய?”

“நோயைக் கொண்டுவந்தவனுக்கு ஆரத்தியா எடுப்பாங்க?” என்றார் நெல்லையப்பன்.

“நானா கொண்டாந்தேன்?” மாடக்கண்ணுவின் குரல் நடுங்கியது. பயத்தில் வந்த நடுக்கம் இல்லை. “ஒரு மரம் முடிஞ்சா, பிளீச்சிங் தண்ணியில கத்தரிய முக்கித் தொடச்சிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்திய? ‘வெட்டுததவிடத் தொடைக்கிறதுதான் ஜாஸ்தி’ன்னு நீங்கதான ஏசுனிய? சன்னதிப் பக்கம் நாத்தம் அடிக்குன்னு வாளிய வெளிய தூக்கி வைக்கச் சொன்னிய. சரின்னு வேலிக்கு அங்கிட்டு வச்சேன். வெளிவரிசை எழுவத்திரெண்டு மரத்துக்கும் எழுவத்திரெண்டு தடவ வேலி வரைக்கும் நடந்து போயி முக்கிட்டு வந்தேன். ஒங்க சட்டித் தண்ணி மஞ்சத் தண்ணி. அதுல சொறி சாவாது. தெரிஞ்சும் தெனமும் முக்கினேன், மூணு தடவ. எதுக்கு? ஒங்க மனசு சமாதானம் ஆவட்டும்னு.”

“கேட்டீங்களா அம்மா திமிரை?”

“பேசட்டும்.”

“சாயங்காலம் வீட்டுக்குப் போனா, ஆணியக் கழட்டி ரெண்டு அலகையும் தனித்தனியா எடுத்து, பிசினச் சொரண்டி, மண்ணெண்ண போட்டுத் தேச்சு, உப்புத்தாள்ல துரு எடுத்து, சாணைக்கல்லுல தீட்டி, எண்ணெ விட்டு மாட்டி வச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும். இத எங்க அப்பன் சொல்லித் தரல. ஒரு தடவ என் கத்தரியால ஒரு தோப்பு போச்சி. இருவது வயசுல. அன்னைக்கு நான் அழுதது எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் ஒரு நாளும் தொடைக்காம வெட்டுனதில்ல.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நெல்லையப்பனை நேராகப் பார்த்தார்.

“ஆயுத பூஜ முடிஞ்சு மொத நாளே ஒங்ககிட்டச் சொன்னேனா இல்லையா? உள்வரிசை ஈசானிய மூல மரத்துல சொறி இருக்கு, அதக் கடைசியா வெட்டுங்க, வெட்டுன கொப்பத் தீ வச்சிருங்கன்னு? ஒங்க கத்தரிய ஒருக்கா தாங்க, கழட்டித் தொடச்சித் தாரேன்னு கேட்டனா இல்லையா? என்ன சொன்னிய?”

நெல்லையப்பன் முழங்கைக் கீறலைத் தடவிக்கொண்டார்.

“என்ன சொன்னீங்க ஐயா?” என்று பூரணத்தம்மாள் கேட்டார்.

“சாமி கத்தரியைத் தொடுற அளவுக்கு உனக்குக் கை நீண்டுடுச்சான்னு கேட்டேன்.”

“கவாத்தை எந்த மரத்துல ஆரம்பிச்சீங்க?”

“ஈசானிய மூலையிலதான். நல்ல காரியத்தை வேற எங்கே ஆரம்பிக்கிறது?”

“அப்புறம்?”

“அப்புறம் வலமா வந்தேன். ஒவ்வொரு மரமா.”

“இன்னைக்குத் துணி கட்டினது?”

“ஈசானிய மூலையில ஆரம்பிச்சு, வலமா...”

அவர் நிறுத்திவிட்டார். தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மரங்களில் கட்டிய வேட்டித் துண்டுகள் காற்றில் ஆடின. கண்களை உடனே எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு கத்தரியையும் கொண்டு வாங்க” என்றார் பூரணத்தம்மாள்.

பூஜை அறைக் கத்தரியை நெல்லையப்பன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பிறகு போய் மாடக்கண்ணுவின் கத்தரியை ஒரு நியூஸ் பேப்பரில் சுற்றி, இரண்டு விரலால் பிடித்து வந்தார். நெஞ்சில் என்ன ஓடினாலும் விரல் பழக்கத்தை விடவில்லை. வாசலில் நின்றவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பூரணத்தம்மாள் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மடத்துக் கத்தரியின் அலகில் பிசின் கறுத்துக் கட்டி தட்டியிருந்தது. ஆணி இருக்கும் இடத்தில் காய்ந்த சந்தனமும் துருவும் ஒன்றாகக் குழைந்து ஒட்டியிருந்தன. குங்குமம் எது, துரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மற்றதன் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அலகு பளபளத்தது.

பூஜைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நெல்லையப்பனிடம் நீட்டினார்.

“ஐயா, தாகமா இருக்கு. இதை நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணியில பிழிஞ்சு கொடுங்க.”

அவர் பழத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“எங்கே போறீங்க?”

“அடுக்களையில அரிவாள்மணை இருக்கும்மா.”

“எதுக்கு? முன்னாடியே சாமி கத்தரி இருக்கே. அதால நறுக்குங்க.”

நெல்லையப்பன் குனிந்து மடத்துக் கத்தரியைக் கையில் எடுத்தார். விரித்தார். அது கிறீச்சிட்டது. அலகைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார்.

“அம்மா, இதுலயா?”

“ஏன்? ஆகாதா?”

“பிசினா இருக்கு. துரு வேற. குடிக்கிறதாச்சே...”

“எனக்குக் கொடுக்க மனசு வரலை.”

“எப்படிம்மா வரும்?”

“மரத்துக்குக் கொடுக்க வந்துச்சே. அதுவும் உள்வரிசை நாப்பத்தெட்டு மரத்துக்கும்.”

பூரணத்தம்மாள் கோபப்பட்டு மடத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்று அவர் உதடு துடித்தது. மாடக்கண்ணுவின் கத்தரியை எடுத்தார். நெல்லையப்பன் கையிலிருந்த பழத்தை வாங்கி அதில் வைத்து ஒரே அழுத்து. இரண்டாக விழுந்தது. முற்றத்துப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அதில் பிழிந்தார். உப்பு போடவில்லை, சர்க்கரையும் போடவில்லை. நின்றபடியே முழுதும் குடித்தார்.

நெல்லையப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

பூரணத்தம்மாள் கத்தரியை முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வழியில் அந்த மஞ்சள் தண்ணீர்ச் சட்டி இருந்தது. காலால் தள்ளினார். தண்ணீர் படியில் வழிந்து மண்ணுக்குள் போயிற்று.

“இந்தச் சட்டியை எட்டு மாசமா நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், மாடக்கண்ணு. ஐயா புதுசு, தானாப் புரிஞ்சுக்கட்டும்னு இருந்துட்டேன். அவர் படிக்கிறதுக்கு உங்களைச் சிலேட்டுப் பலகையா வச்சிருந்தேன். அது என் தப்பு.”

கத்தரியை இரண்டு கையாலும் நீட்டினார். மாடக்கண்ணு வாங்கிக்கொண்டார். ஆணியை ஆட்டிப் பார்த்தார். இடுப்பிலிருந்து ஒரு துணியை உருவி அலகை மறுபடியும் துடைத்தார். எலுமிச்சைச் சாறு பட்ட இரும்பு. அம்மா துடைத்தது அவருக்குப் போதவில்லை.

“நீங்க குடிச்சது சரிம்மா. சந்தோசம். இத ராவுத்தர் பாத்தாரா? அவுக கேட்டு தொறக்குமா?”

பூரணத்தம்மாள் திரும்பி நெல்லையப்பனைப் பார்த்தார். மாடக்கண்ணுவும் அவரைத்தான் பார்த்தார்.

நெல்லையப்பன் தூணை விட்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“நான் பேசிடறேன்மா. இப்பவே. ஏழு பேருக்கும்.”

“என்னன்னு பேசுவீங்க?”

அவர் யோசித்தார். அந்த யோசனையில் முப்பத்துநான்கு வருஷ ஆபீஸ் மெல்லத் திரும்பி வந்தது. முகத்தில் ரத்தமும் திரும்பியது.

“நோய் எங்கேயிருந்து வந்துச்சுன்னு இன்னும் உறுதியா தெரியலைன்னு சொல்லிடறேன். அவனுக்கும் பாதகம் இல்லை. மடத்துப் பேரும் கெடாது.”

பூரணத்தம்மாள் அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

“நேத்துப் பேசினப்போ, உறுதியா தெரியலைன்னா சொன்னீங்க?”